வளவில் ஒரு மெகா தொடர்: செட்டிநாட்டுப் பார்வையாளர்களும் பழைய கதைகள் மீதான ஏக்கமும்

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் தொலைக்காட்சித் தொடர்களின் படப்பிடிப்புகள் நின்றுபோயின. கையிருப்பில் இருந்த அத்தியாயங்கள் தீர்ந்ததும் நிறுவனங்கள் பழைய தொடர்களைத் தூசி தட்டி எடுத்தன. சன் தொலைக்காட்சி ‘மெட்டி ஒலி’யை மறுபடி ஒளிபரப்பியது. 2002 முதல் 2005 வரை ஓடி 800 அத்தியாயங்களைத் தாண்டிய தொடர் அது. தாயில்லாத ஐந்து பெண்களை வளர்த்துக் கட்டிக்கொடுத்த சிதம்பரம் என்ற தகப்பன், அவர்கள் புகுந்த வீடுகளில் படும் பாட்டைப் பார்த்து உடைந்துபோகும் கதை. யார் வாழ்ந்தார், யார் வீழ்ந்தார் என்பதெல்லாம் பார்ப்பவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்தும் உட்கார்ந்து பார்த்தார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில், அந்த ஐவரில் விஜியாக நடித்த உமா மகேஸ்வரி 40 வயதில் காலமானபோது, சொந்தத்தில் ஒரு பெண்ணைப் பறிகொடுத்ததுபோல் வருந்தியவர்கள் ஏராளம்.

முடிவு தெரிந்த கதையை ஏன் மறுபடி பார்க்கிறோம்? அந்தக் காலத்துத் தொடர் தரமாக இருந்தது என்பது வழக்கமான பதில். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியைத் தேடச் செட்டிநாட்டை விடப் பொருத்தமான இடம் குறைவு. தமிழ்ப் படத்தொழிலின் பெரிய நிறுவனம் ஒன்று வேர்விட்டது காரைக்குடியில். தமிழ்த் தொடர்களில் பேர் வாங்கிய ஒன்று களமாகக் கொண்டதும் காரைக்குடியைத்தான். அந்தத் தொடர்கள் ஓயாமல் பேசிய பெரிய குடும்பத்து வீடு இன்றும் செங்கல்லும் சுண்ணாம்பும் தேக்குமாக நிற்பதும் இந்த ஊர்களில்தான்.

தொடர்கதையிலிருந்து தொடருக்கு

உலகக் கணக்கில் இந்த வடிவம் 1930களின் அமெரிக்க வானொலியில் பிறந்தது. பகலில் வீட்டு வேலை செய்யும் பெண்களை வானொலிப் பக்கம் இழுக்கச் சோப்பு நிறுவனங்கள் பணம் கொடுத்துக் கதை ஒலிபரப்பின. அதனால்தான் அங்கே அதற்குச் சோப் ஒபரா என்று பெயர். 1937-இல் வானொலியில் தொடங்கிய ‘கைடிங் லைட்’ 1952-இல் தொலைக்காட்சிக்கு மாறி, 2009 செப்டம்பரில்தான் முடிந்தது. இந்தியாவில் 1984-இல் தூர்தர்ஷனில் வந்த ‘ஹம் லோக்’ முன்னோடி. மெக்சிகோவில் மிகுவேல் சபிதோ சமூகச் செய்திகளைக் கதைக்குள் வைத்துச் சொன்ன முறையே அதற்கு முன்மாதிரி. தொண்ணூறுகளின் நடுவில் ‘சாந்தி’, ‘ஸ்வாபிமான்’ ஆகிய இந்தித் தொடர்கள் மதிய நேரத்தையும் பிடித்துக்கொண்டன.

தமிழனுக்கு இதெல்லாம் புதிதாகத் தோன்றவில்லை. வாரப் பத்திரிகைத் தொடர்கதை அவனை ஏற்கெனவே பழக்கி வைத்திருந்தது. 1950-இல் ‘கல்கி’யில் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கிய நாளிலிருந்து, அடுத்த இதழ் வரும்வரை ஒரு பாத்திரத்தை மனத்தில் சுமந்துகொண்டு திரிவது இங்கே வீட்டுப் பழக்கம். கொத்தமங்கலம் சுப்புவின் ‘தில்லானா மோகனாம்பாள்’, லட்சுமி, சிவசங்கரி, இந்துமதி, அனுராதா ரமணன் ஆகியோரின் கதைகள் என்று இந்த வரிசை நீள்கிறது. பத்திரிகைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து ‘பைண்டு’ செய்து வைத்த வீடுகள் செட்டிநாட்டில் நிறைய உண்டு. தொலைக்காட்சி அந்த வாசகியைத்தான் பார்வையாளராக ஆக்கியது. ‘கோலங்கள்’ தொடரைத் தயாரித்தது விகடன் குழுமத்தின் தொலைக்காட்சிப் பிரிவு என்பது தற்செயல் அல்ல.

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கினாலும், தென்மாவட்டங்களுக்கு ஒழுங்கான படம் எட்ட எண்பதுகள் ஆயின. கடலோர மாவட்டங்களில் மொட்டை மாடியில் உயரமாக ஆண்டெனா நட்டு, பூஸ்டர் வைத்து இலங்கையின் ரூபவாஹினியைப் பிடித்த காலமும் உண்டு. 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி வந்தது. 1999 டிசம்பரில் ராதிகாவின் ராடான் நிறுவனம் தந்த ‘சித்தி’, தினமும் ஒரு கதைக்காக ஊரே உட்காரும் பழக்கத்தைத் தமிழ்நாட்டில் நிலைநாட்டியது. தினா இசையில், வைரமுத்து எழுதி, நித்யஸ்ரீ மகாதேவன் பாடிய அதன் முகப்புப் பாடல் தெருவின் ஒரு கோடியில் தொடங்கினால் மறுகோடி வரை எந்த வீட்டு வாசலிலும் விட்டுப்போகாமல் கேட்டது. பிறகு ‘அண்ணாமலை’, ‘மெட்டி ஒலி’, ‘ஆனந்தம்’, 2003 முதல் 2009 வரை 1,500 அத்தியாயங்களைத் தாண்டி ஓடிய ‘கோலங்கள்’ என்று வரிசையாக வந்தன.

இரவுத் தொடர் குடும்பத்துக்கு, மதியத் தொடர் பெண்களுக்கு என்று சொல்லாமலே ஒரு பிரிவினை இருந்தது. இரவு ஏழு மணிக்கு மேல் வருபவைதான் பேர் வாங்கின. ஆனால், பார்த்தவர்களின் நாளை வடிவமைத்ததில் மதியத் தொடர்களின் பங்கு குறைந்ததல்ல. 2014-இல் தொடங்கிய ‘சந்திரலேகா’ என்ற மதியத் தொடர் எட்டு ஆண்டுகள் ஓடி 2,300 அத்தியாயங்களைத் தொட்டது. அதைப் பற்றி விமர்சகர்கள் எழுதியது அபூர்வம்.

காரைக்குடியும் காமிராவும்

1940களின் நடுவில், போர்க்கால நெருக்கடியால் சென்னையில் புது ஸ்டுடியோவுக்கு மின்சாரம் கிடைப்பது அரிதாக இருந்தது. காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பன் தன் ஸ்டுடியோவைச் சொந்த ஊர்ப் பக்கமே கொண்டுவந்து தேவகோட்டை ரஸ்தாவில் அமைத்தார். 1947-இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ அங்கே உருவானது. ப. நீலகண்டனின் மேடை நாடகம் ஒன்றுதான் அந்தப் படத்துக்கு மூலம். அடுத்து ‘வேதாள உலகம்’. அதன் பிறகே அவருடைய ஏவி.எம். நிறுவனம் கோடம்பாக்கத்துக்குக் குடிபெயர்ந்தது. நாடகம் பார்த்துப் பழகிய ஊர் இது. பக்கத்துப் பள்ளத்தூரில் வளர்ந்து நாடக மேடை ஏறிய பெண்தான் பின்னாளில் மனோரமா ஆனார். தமிழ்நாடு முழுவதும் அவரை ‘ஆச்சி’ என்று அழைத்தது இந்த மண்ணின் முறைப்படிதான்.

அதே ஏவி.எம். எண்பதுகளில் சிவசங்கரியின் ‘ஒரு மனிதனின் கதை’யைத் தூர்தர்ஷனுக்குத் தொடராக எடுத்தது. குடிக்கு அடிமையான தியாகுவாக ரகுவரன் நடித்தார். பத்திரிகைத் தொடர்கதை தொலைக்காட்சித் தொடராக மாறியதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. தனியார் தொலைக்காட்சிக் காலத்திலும் ‘நிம்மதி உங்கள் சாய்ஸ்’ போன்ற தொடர்களை அந்த நிறுவனம் தந்தது.

2010 ஏப்ரலில் வட்டம் முழுமையானது. ‘மெட்டி ஒலி’ இயக்குநர் திருமுருகன், காரைக்குடியைக் களமாக வைத்து ‘நாதஸ்வரம்’ தொடரை ஆரம்பித்தார். மௌலி நடித்த சொக்கலிங்கம் ஒரு நாதஸ்வரக் கலைஞர். மகன் கோபியாகத் திருமுருகனே நடித்தார், நாயகி மலராக ஸ்ரித்திகா. 2015 மே வரை ஓடி 1,350 அத்தியாயங்களைக் கடந்த இந்தத் தொடரில் பங்களாவும் கார்க் கதவும் இல்லை. தெரு, கோயில் வாசல், கல்யாண வீடு, கடன், தங்கைகளின் வரன் ஆகியவைதான் கதை. செட்டிநாட்டு நகரத்தார் சமூகத்துக் கல்யாணங்களில் மேளக்காரர் இல்லாமல் ஒரு சடங்கும் நகராது. ஆனால், அந்த வாத்தியத்தை வாசிப்பவரின் அடுப்பங்கரை எப்படி இருக்கும் என்று பெரிய வீடுகள் அதிகம் யோசித்ததில்லை. ‘நாதஸ்வரம்’ காமிராவை அங்கே திருப்பியது. செட்டிநாட்டைச் சினிமாவில் காட்டியவர்கள் பெரும்பாலும் அரண்மனைத் தூண்களைத்தான் காட்டினார்கள். அந்தத் தூண்களின் நிழலில் வேலை பார்த்த ஒரு கலைஞனின் குடும்பத்தைத் தினமும் ஐந்தாண்டு காட்டியது இந்தத் தொடரின் சாதனை.

2014 மார்ச் 5 அன்று அதன் 1000-ஆவது அத்தியாயம் நேரலையாக, வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் 20 நிமிடங்களுக்கு மேல் ஒளிபரப்பானது. இதை வெறும் சாதனை முயற்சியாகக் கடந்துவிடக் கூடாது. தினசரித் தொடர் நடிகர் வழக்கமாக ஒரு வசனம், ஒரு வெட்டு, ஒரு முகபாவம் என்று துண்டு துண்டாக நடிப்பவர். அன்று ஒருவர் வசனம் மறந்திருந்தாலும், ஒரு வயர் கழன்றிருந்தாலும் ஊர் முழுக்கப் பார்த்திருக்கும். ஒருவர் பேசி முடிக்கும்போது அடுத்தவர் சரியான இடத்தில் வந்து நிற்க வேண்டும். காமிராவைத் தூக்கிக்கொண்டு நடப்பவர் நிலைப்படியில் இடறக்கூடாது. நாடகக் கொட்டகையின் அதே கட்டுப்பாடு இது. பழைய நாடக மேடையின் பதற்றமும் ஒழுங்கும் அன்று ஒரு தினசரித் தொடருக்குள் திரும்பி வந்தன.

பெட்டி இருந்த இடம்

செட்டிநாட்டு வீடு முகப்பில் தொடங்கி, முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒரு தெருவிலிருந்து மறு தெருவரை நீள்வது. முகப்பு ஆண்களுக்கும் வியாபாரத்துக்கும். உள்ளே போகப் போகப் பெண்களின் ஆட்சி. தொலைக்காட்சிப் பெட்டி சீர்வரிசையோடு வந்து இறங்கிய காலத்தில் முதலில் விருந்தினர் பார்வைக்கு வைக்கப்பட்டது. தொடர்கள் வந்த பிறகு, பெண்கள் புழங்கும் இடத்தை நோக்கி அது நகர்ந்தது. மதியச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பாயோ தலையணையோ போட்டுப் படுக்கும் அந்த இரண்டு மணி நேரம் வீட்டிலேயே பெண்களுக்கென்று இருந்த ஒரே நேரம். ஓலைக் கொட்டான் முடைந்துகொண்டோ, பூக் கட்டிக்கொண்டோ, கீரை ஆய்ந்துகொண்டோ கதை பார்க்கலாம். கண் படத்தில் இருந்தாலும் கை நிற்காது. காதால் கேட்டாலே புரியும்படி வசனங்கள் எழுதப்பட்டதற்கு இதுவும் காரணம். ஒரே விஷயத்தை மூன்று பாத்திரங்கள் மூன்று முறை சொல்வது படித்தவர்களுக்குச் சலிப்பாக இருக்கலாம். அடுப்பைப் பார்க்க எழுந்து போய் வருபவருக்கு அது தேவை.

அந்த நேரத்தில் வீட்டுக்காரம்மாவும் வேலைக்கு வந்த பெண்ணும் ஒரே கதையைப் பார்த்தார்கள். ஒருவர் நாற்காலியில், ஒருவர் தரையில் என்ற வித்தியாசம் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஊராட்சித் தொலைக்காட்சி அறையில் நின்று பார்த்தவர்களும் உண்டு. 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் இதை மாற்றியது. யார் வீட்டுத் திண்ணையிலும் ஒதுங்காமல், தன் வீட்டில் தன் பாயில் உட்கார்ந்து தொடர் பார்க்கும் உரிமை அதன் வழியே லட்சக்கணக்கான பெண்களுக்குக் கிடைத்தது. மெகா தொடரின் வரலாற்றை எழுதுபவர்கள் இந்த ஆண்டைத் தாண்டிப் போக முடியாது.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. தமிழ்த் தொடர்களின் தீராத சண்டை கூட்டுக்குடும்பம் உடைவதா வேண்டாமா என்பது. மருமகள் தனிக்குடித்தனம் போக நினைத்தால் அவள் வில்லி. நகரத்தார் வீட்டில் இதற்கு எப்போதோ ஏற்பாடு செய்துவிட்டார்கள். கல்யாணமான மகனை ‘வேறு வைப்பது’ அங்கே வழக்கம். ஒரே கூரை, தனி அறை, தனி அடுப்பு. மாமியாரும் மருமகளும் ஒரே வளவைச் சுற்றி வாழ்ந்தாலும், உலை தனித்தனி. கோயில் கணக்கிலும் கல்யாணமான ஒவ்வொரு ஆணும் தனிப் ‘புள்ளி’, அதாவது தனிக் குடும்பக் கணக்கு. பிரிவு என்பது அங்கே சண்டையின் முடிவாக வருவதில்லை. சண்டை வராமல் இருக்கச் செய்யும் முன்னேற்பாடு. அந்த அனுபவத்தோடு ‘ஆனந்த’த்தையும் ‘மெட்டி ஒலி’யையும் பார்க்கும் ஒரு ஆச்சி, சென்னையின் இரண்டு அறைக் குடியிருப்பில் உட்கார்ந்து பார்க்கும் ஒருவர் காணாத ஒன்றைக் கண்டிருப்பார்: இந்தக் குடும்பங்களுக்குத் தேவைப்பட்டது இன்னொரு அடுப்பு, இன்னும் கொஞ்சம் கண்ணீர் அல்ல.

காத்திருக்கத் தெரிந்தவர்கள்

தொடர் என்ற வடிவத்தின் உயிர் காத்திருப்பு. வெள்ளிக்கிழமை இரவு ஒரு முடிச்சைப் போட்டுவிட்டுப் போவார்கள்; திங்கள்கிழமை வரை அது அவிழாது. இந்தக் காத்திருப்பைச் செட்டிநாட்டுப் பெண்கள் தொலைக்காட்சி வருவதற்கு நெடுங்காலம் முன்பே கற்றிருந்தார்கள். பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன ஆண்கள் மூன்றாண்டுக் கணக்கு முடித்துத்தான் ஊர் திரும்புவார்கள். நடுவில் கடிதம்தான் தொடர்பு. பிள்ளைப் பேறு, நோய், சாவு எல்லாம் தவணையில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திகள். அந்தக் கடிதத்தை ஒருவர் உரக்கப் படிக்க, வளவில் இருப்பவர்கள் கேட்பார்கள். இரண்டாம் உலகப் போரில் பர்மா விழுந்தபோது எத்தனையோ வீடுகளுக்கு அடுத்த தவணை வரவே இல்லை.

மின்சாரமும் இந்தக் காத்திருப்பில் ஒரு பாத்திரம். ‘நாதஸ்வரம்’ ஓடிய காலத்தின் முற்பகுதி, சென்னைக்கு வெளியே நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்த காலம். தொடர் ஓடும்போது கரண்டு போனால் அன்றைய கதை போனதுதான். மறுநாள் காலை வாசலில் கோலம் போடும்போது, “நேத்து கரண்டு போயிருச்சு ஆச்சி, அப்புறம் மலர் என்ன சொன்னா?” என்று கேட்டால்தான் கதை மறுபடி சேரும். சொல்பவர் நடந்ததை மட்டும் சொல்ல மாட்டார். தன் நியாயத்தையும் சேர்த்துச் சொல்வார். யார் செய்தது தப்பு, எந்த வீட்டில் இப்படி நடந்தது, நம் வீட்டுப் பெண்ணாக இருந்தால் என்ன செய்திருப்போம் என்பதெல்லாம் அந்தப் பேச்சில் வரும். தன் வீட்டுப் பிரச்சினையை வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒரு மருமகள், தொடர் மருமகளுக்காகத் தெருவில் நின்று வாதாட முடிந்தது. தொடர்கள் பெண்களுக்குத் தந்த மிகப் பெரிய வசதி இதுதான் என்பேன்.

இப்போது எந்த அத்தியாயத்தையும் எப்போது வேண்டுமானாலும் கைப்பேசியில் பார்க்கலாம். நாளைய அத்தியாயத்தையே காசு கட்டி இன்றே பார்த்துவிடும் வசதியும் வந்துவிட்டது. வசதி நல்லதுதான். ஆனால் ஒருவர் 40-ஆவது அத்தியாயத்திலும் பக்கத்து வீட்டுக்காரர் 90-ஆவது அத்தியாயத்திலும் இருந்தால் கோலம் போடும் இடத்தில் பேச என்ன இருக்கிறது? பழைய தொடர்களுக்காக ஏங்குகிறவர்கள் அந்தக் கதையின் தரத்துக்காக மட்டும் ஏங்கவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் காத்திருந்த நாட்களைத் தேடுகிறார்கள். செட்டிநாட்டில் இந்த ஏக்கம் இன்னும் கூர்மையானது. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்க, எத்தனையோ பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. திறந்திருக்கும் வீடுகள் பலவற்றில் வயதான ஒருவரோ இருவரோதான். ஒரு காலத்தில் பத்து அடுப்பு எரிந்த வளவில், பெரிய குடும்பம் என்று இப்போது மிச்சம் இருப்பது பெட்டிக்குள் தெரியும் குடும்பம் மட்டும்தான்.

ஏக்கம் மறைப்பவை

ஏக்கம் எப்போதும் உண்மை பேசாது. அந்தக் காலத்துத் தொடர்களில் வன்மம் இல்லை, இப்போதுதான் கெட்டுப்போயிற்று என்ற பேச்சு சரியல்ல. ‘மெட்டி ஒலி’யில் சாந்தி வில்லியம்ஸ் நடித்த ராஜம் என்ற மாமியாரைப் பார்த்துப் பல்லைக் கடிக்காதவர்கள் யார்? பெண் பொறுத்துப் போனால் எல்லாம் சரியாகும் என்ற பாடத்தை ஆயிரம் அத்தியாயங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தன. அடித்த கணவனிடம் திரும்பிப் போவதை மங்களமான முடிவாகக் காட்டிய தொடர்கள் உண்டு. சாதியைப் பெயர் சொல்லாமல் மறைத்துவிட்டு, ‘குடும்ப கௌரவம்’ என்ற போர்வையில் அதைக் காப்பாற்றியவையும் உண்டு.

அதே காலத்தில்தான் ‘கோலங்கள்’ அபியும் வந்தாள். தேவயானி நடித்த அந்தப் பெண் கட்டுமானத் தொழில் நடத்தினாள், ஆதி என்ற வில்லனை நேருக்கு நேர் எதிர்த்தாள், மணவாழ்க்கை முறிந்த பிறகும் தலை நிமிர்ந்து நின்றாள். சம்பாதிக்கும் பெண்ணை ஊர் வாய் எப்படிக் கடிக்கும் என்பதை ஆறு ஆண்டுகள் பொறுமையாகக் காட்டிய கதை அது. அதை இயக்கிய திருச்செல்வமே 2022-இல் ‘எதிர்நீச்சல்’ தொடர் வழியாகப் பெரிய வீட்டு ஆண் அதிகாரத்தைக் கேள்வி கேட்டார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இருபது ஆண்டுகளில் தமிழ்க் குடும்பத்துக்குள் எது மாறியது, எது மாறவில்லை என்பது தெரியும். குறையும் நிறையுமாக இந்தத் தொடர்கள் ஒரு சமூகத்தின் பதிவேடு. பதிவேடு என்பதால்தான் அவற்றைக் காப்பாற்ற வேண்டும்.

கோட்டையூர் காட்டிய வழி

காப்பாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ் சினிமாவே சாட்சி. ஆர். நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ இன்று இல்லை. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ இல்லை. அமெரிக்காவிலும் ஆரம்ப காலப் பகல் தொடர்கள் பெரும்பாலும் நேரலையாகப் போய்க் காற்றில் கரைந்தன. பகலில் பெண்கள் பார்ப்பதுதானே என்ற அலட்சியம் அங்கேயும் இருந்தது. இங்கே சில தயாரிப்பு நிறுவனங்கள் தங்கள் பழைய தொடர்களை யூடியூபில் ஏற்றியிருப்பது நல்ல காரியம். அது வியாபார முடிவு. லாபம் இல்லையென்றால் நாளைக்கே எடுத்துவிடலாம். பேர் வாங்கிய இரவுத் தொடர்கள் தப்பிக்கலாம். மதியத் தொடர்களைத் தேடுவார் யார்?

இதற்கு வழியும் செட்டிநாட்டிலேயே இருக்கிறது. காரைக்குடியை ஒட்டிய கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதும் தொழிலைச் செய்துகொண்டே பழைய நூல்களையும் இதழ்களையும் சேர்த்தார். அறிஞர்கள் கையால் தொடாத நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், மலிவுப் பதிப்பு நாவல், கல்யாணப் பத்திரிகை எதையும் அவர் குப்பை என்று ஒதுக்கவில்லை. 1992-இல் அவர் மறைந்த பிறகு, சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு அந்தச் சேகரிப்பு சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆனது. இன்று தமிழ்ச் சமூக வரலாறு எழுதும் யாரும் அதன் படியேறாமல் எழுத முடியாது.

தொலைக்காட்சித் தொடருக்கு அப்படி ஒரு கோட்டையூர் இன்னும் பிறக்கவில்லை. தொடர்களின் கதை வசனப் பிரதிகள், முகப்புப் பாடல்கள், விளம்பர இடைவேளைகள், நிகழ்ச்சி நேரப் பட்டியல்கள் எல்லாம் சேகரிக்கப்பட வேண்டியவை. அவற்றைவிட அவசரமானது பார்த்தவர்களின் நினைவு. ‘சித்தி’யைத் தன் ஐம்பதுகளில் பார்த்த ஆச்சிகளுக்கு இப்போது எழுபதும் எண்பதும் ஆகிறது. எந்த அறையில் பெட்டி இருந்தது, யாரோடு உட்கார்ந்து பார்த்தார்கள், எந்தப் பாத்திரத்துக்காக யாரோடு சண்டை போட்டார்கள், எந்தக் காட்சி தங்கள் சொந்தக் கதையாக இருந்தது என்று அவர்களிடம் கேட்டு எழுதி வைக்க வேண்டும். வேலைக்கு வந்த இடத்தில் தரையில் உட்கார்ந்து பார்த்தவர்களிடமும் அதே மரியாதையோடு கேட்க வேண்டும். காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது. தமிழும் வரலாறும் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒலிப்பதிவு செய்யும் கைப்பேசி இருக்கிறது. ஒரு பருவத்துக்கான ஆய்வுத் திட்டமாக இதைத் தொடங்கலாம்.

இந்தக் கட்டுரையைப் படிப்பவர் வீட்டிலும் அப்படி ஒரு ஆச்சியோ அப்பத்தாவோ இருப்பார். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவரிடம் பழைய தொடர் ஒன்றின் பெயரைச் சொல்லிப் பேச்சை ஆரம்பியுங்கள். அவர் சொல்வதைப் பதிவு செய்து, தேதியும் ஊரும் எழுதி வையுங்கள்.